கிவான்: பசிபிக்கை நோக்கிய ஒரு பிலிப்பைன்ஸ் ஊர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் சமார் தீவில், அதன் தென்கிழக்கு மூலையில், பசிபிக் பெருங்கடலை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கும் கடலோர ஊர் கிவான். 1521இல் மகெல்லனின் கப்பல்கள் வந்து தங்கிய தீவும், 2013இல் ஹையான் புயல் முதன்முதலில் கரையேறிய இடமும் இந்த ஒரே நகராட்சியின் எல்லைக்குள் இருக்கின்றன. இவ்வூரின் வரலாறு, நில அமைப்பு, மக்களின் பிழைப்பு ஆகியவற்றைப் பற்றி எழக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஊர்ப்பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்? அதற்குப் பொருள் உண்டா?

ஸ்பானியர் கால எழுத்துமுறையில் எழுதப்படும் பெயர் என்பதால், அதைப் பார்ப்பவர்களுக்கு ‘குயுவான்’ என்று படிக்கத் தோன்றும். ஊர் மக்கள் சொல்வது ‘கிவான்’. முதலெழுத்தை, சென்னையின் கிண்டியைச் சொல்லும்போது ஒலிப்பதுபோல் மெலிந்த ஓசையில் ஒலிக்க வேண்டும். ‘கிபாங்’ என்ற உள்ளூர்ச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பதும், அச்சொல் விளிம்பு உடைந்த அல்லது பள்ளம் விழுந்த ஒன்றைக் குறிக்கும் என்பதும் ஊரார் சொல்லும் விளக்கம். இங்கே பேசப்படும் மொழி வாராய். சமார் தீவின் பெரும்பகுதியிலும் அண்டைத் தீவான லெய்ட்டேயின் வடகிழக்குப் பகுதியிலும் அதுவே தாய்மொழி.

கிவான் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

சமார் தீவின் தென்கோடியில் கடலுக்குள் விரல்போல நீண்டு செல்லும் ஒரு தீபகற்பத்தின் நுனியிலும், அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் இந்த நகராட்சி பரவியிருக்கிறது. கிழக்கே பிலிப்பைன் கடல் என்று அழைக்கப்படும் பசிபிக்கின் பகுதி, மேற்கே லெய்ட்டே வளைகுடா. நிலவழியாக வந்து சேர வடக்குத் திசை ஒன்றுதான் உண்டு. மொத்த நிலப்பரப்பு சுமார் 175 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 53 ஆயிரத்தைச் சற்றுக் கடந்திருந்தது. பராங்கை எனப்படும் 60 சிற்றூர்ப் பிரிவுகள் இதில் அடங்கும்.

‘நகராட்சி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நெருக்கமான ஒரு நகரத்தை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டாம். பிலிப்பைன்ஸில் இச்சொல் ஒரு நகர்மையத்தையும் அதைச் சூழ்ந்த தோப்புகள், மீனவர் குடியிருப்புகள், தொலைவிலுள்ள தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கிறது. ஹோமோன்ஹோன், சுலுவான், மனிக்கானி ஆகிய தீவுகளுக்குப் படகில்தான் செல்ல முடியும். துபாபாவும் கலிக்கோவானும் பாலத்தால் இணைக்கப்பட்டுள்ளன.

நில அமைப்பில் குறிப்பிடத்தக்கது என்ன?

இங்கே ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறுபட்ட இருவகை நிலங்கள் அருகருகே கிடக்கின்றன. கலிக்கோவானும் அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த கரைகளும் பழைய பவளப்பாறைகள் மேலெழுந்து உருவான சுண்ணாம்புக்கல் நிலங்கள். மண் மெலிது; பெய்த மழை பாறைக்குள் இறங்கிவிடும்; நெல் பெரிதாக விளையாது. தென்னைக்கு மட்டும் அது போதுமானது. ஹோமோன்ஹோனும் மனிக்கானியும் வேறு வகை. பூமியின் ஆழத்திலிருந்து மேலே வந்த கருமையான பாறைகள் காலங்காலமாக மழையில் கரைந்து, செம்மண்ணாக மாறி, நிக்கலையும் குரோமைட்டையும் சுமந்து நிற்கும் தீவுகள் அவை. இந்த வேறுபாடு பின்னால் வரும் சுரங்கச் சிக்கலைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும்.

கிழக்குக் கரையிலிருந்து கடலுக்குள் சென்றால் தரை விரைவாக ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்பால் பிலிப்பைன் அகழி, 10,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்துடன், உலகின் மிக ஆழமான கடற்பள்ளங்களுள் ஒன்றாகக் கிடக்கிறது. கடற்படுகைத் தட்டு இந்த அகழியின் வழியாகத்தான் பிலிப்பைன்ஸுக்கு அடியில் அமிழ்கிறது என்பதால் நிலநடுக்கம் இங்கே அரிதன்று. 2012 ஆகஸ்ட் 31 அன்று கிவானுக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் 7.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு, ஆழிப்பேரலை எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது.

தெளிவான வறண்ட காலம் என்று ஒன்று இங்கே இல்லை. ஆண்டு முழுவதும் மழை உண்டு. நவம்பர் தொடங்கிச் சனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அதைக் கொட்டித் தீர்க்கும்.

மகெல்லன் உண்மையில் எங்கே இறங்கினார்?

பயணத்தோடு கூடவே வந்து நாட்குறிப்பு எழுதிய இத்தாலியர் அந்தோனியோ பிகஃபெத்தாவின் பதிவுதான் இதற்கு முதன்மையான சான்று. தென்னமெரிக்காவின் தென்முனைக்கருகே உள்ள நீரிணை வழியாக வந்து, மூன்று மாதங்களுக்கும் மேலாகப் புத்துணவு ஏதுமின்றிப் பசிபிக்கைக் கடந்து, குவாமில் சில நாள் நின்றுவிட்டு வந்த மூன்று கப்பல்கள், 1521 மார்ச் 16 அன்று சமாரின் உயர்ந்த நிலத்தைக் கண்டன. அங்கே இறங்கவில்லை. மறுநாள் ஆளில்லாததாகத் தெரிந்த ஒரு தீவில், அதாவது ஹோமோன்ஹோனில், நோயாளிகளுக்காகக் கூடாரம் அடித்தார்கள். வைட்டமின் சத்து இல்லாமல் ஈறு வீங்கி, உணவு மெல்ல முடியாமல் மாலுமிகள் பலர் படுத்துக் கிடந்தனர்.

மார்ச் 18 அன்று சுலுவான் தீவிலிருந்து ஒரு படகில் ஒன்பது பேர் வந்தார்கள். வந்தவர்கள் அஞ்சவுமில்லை, தாக்கவுமில்லை. மீன், ஒரு சாடி தென்னங்கள், வாழைப்பழம், இரண்டு தேங்காய் ஆகியவற்றைக் கொடுத்தார்கள்; கையில் இப்போது வேறு எதுவும் இல்லை, நான்கு நாளில் இன்னும் கொண்டுவருகிறோம் என்று சைகையால் சொன்னார்கள். சொன்னபடியே மார்ச் 22 அன்று தேங்காய்களும் இனிப்பான ஆரஞ்சுப் பழங்களும் கள்ளும் ஒரு சேவலும் கொண்டுவந்தார்கள். மகெல்லன் நாள்தோறும் கரைக்குச் சென்று நோயாளிகளுக்குத் தம் கையாலேயே இளநீர் கொடுத்தார் என்று பிகஃபெத்தா எழுதுகிறார். தீவில் தெளிந்த நீரூற்றுகள் இரண்டும் பொன்னின் முதல் அடையாளங்களும் தென்பட்டதால் அவ்விடத்துக்கு ‘நற்குறிகளின் நீர்த்துறை’ என்று பெயரிட்டார்கள். எட்டு நாள் தங்கி, மார்ச் 25 அன்று புறப்பட்டார்கள்.

இந்த நிகழ்வை ‘மகெல்லன் கண்டுபிடித்தார்’ என்ற தொடரில் அடக்குவது நேர்மையாகாது என்பது என் உறுதியான கருத்து. சாகும் நிலையில் இருந்த அந்நியர்களைச் சுலுவான் மக்கள் உணவு கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பதே அங்கே நடந்தது. 2021இல் ஐந்நூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டபோது பிலிப்பைன்ஸ் அரசும் அந்த மனிதநேயத்தையே முன்னிறுத்திச் சுலுவான், ஹோமோன்ஹோன் உள்ளிட்ட இடங்களில் நினைவுச் சின்னங்களை அமைத்தது. கிவானை விட்டுப் புறப்பட்ட சில வாரங்களில், ஏப்ரல் 27 அன்று, மக்தான் தீவில் அத்தீவின் தலைவர் லாபுலாபுவின் வீரர்களுடன் நடந்த சண்டையில் மகெல்லன் கொல்லப்பட்டார்.

கடலில் தத்தளித்து வந்த வேறு மக்களும் கிவானில் கரையேறியதாகச் சொல்கிறார்களே?

ஆம். இது பலருக்குத் தெரியாத, ஆனால் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வு. 1696ஆம் ஆண்டு இறுதியில், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் முப்பது பேரைச் சுமந்த இரண்டு படகுகள் கிவான் கரைக்கு வந்தன. தங்கள் தீவுகளுக்கு இடையே சென்றுகொண்டிருந்தபோது கிழக்குக் காற்று அவர்களைத் திசைமாற்றி, எழுபது நாள் கடலில் அலையவிட்டிருந்தது. கரையிலிருந்த ஒருவர் அவர்களைக் கண்டு, பாறைகளுக்கிடையே பாதுகாப்பாக நுழையும் வழியைக் காட்டினார். இதற்கு முன்பே அதேபோல் ஒதுங்கி, ஊரிலேயே தங்கிவிட்ட இரு பெண்கள் வந்தவர்களின் பேச்சை மொழிபெயர்த்தார்கள். அவர்களுள் ஒருத்தி வந்தவர்களிடையே தன் உறவினரையே கண்டாள்.

பவுல் கிளைன் என்ற இயேசு சபைத் துறவி அவர்களைச் சந்தித்து விவரம் கேட்டார். தாங்கள் அறிந்த தீவுகளை அவர்கள் தரையில் கூழாங்கற்களாக அடுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை நாள் பயணம் என்பதையும் சொன்னார்கள். அக்கற்களை வைத்துக் கிளைன் வரைந்த வரைபடமும் 1697 சூனில் அவர் எழுதிய கடிதமும் ஐரோப்பாவில் அச்சேறி, மேற்குப் பசிபிக்கிலுள்ள கரோலின் தீவுகளையும் பலாவ் தீவுகளையும் பற்றிய ஆர்வத்தைத் தூண்டின. கடலோடிகளின் நினைவிலிருந்த வரைபடம் ஒன்று காகிதத்துக்கு மாறிய இடம் என்ற வகையில், கிவானின் வரலாற்றில் மகெல்லனின் வருகைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

ஊரின் தேவாலயத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சமாருக்கு வந்த இயேசு சபையினர் இங்கே ஒரு திருத்தளத்தை நிறுவினார்கள். தெற்கிலிருந்து கடல்வழியாக வந்து ஆட்களைச் சிறைபிடித்துச் செல்லும் தாக்குதல்களுக்கு அஞ்சி, தேவாலயத்தைச் சுற்றிக் கொத்தளங்களுடன் கூடிய மதில் எழுப்பப்பட்டது. அபாயம் வரும்போது ஊரே உள்ளே புகுந்துகொள்ளும் கோட்டையாகவும் அது பயன்பட்டது. 1768இல் இயேசு சபையினர் பிலிப்பைன்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டபின் முதலில் அகுஸ்தீனாரும் பின்னர் பிரான்சிஸ்கன் துறவியரும் பொறுப்பேற்றார்கள்.

அமலோற்பவ மாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்த ஆலயத்தின் தனிச்சிறப்பு அதன் உட்புறம். சுவரையும் மேற்பகுதியையும் கிளிஞ்சல்களாலும் பவளத்துண்டுகளாலும் மலர் வடிவங்களாகவும் கோலங்களாகவும் அழகுபடுத்தியிருந்தார்கள். பொன் கிடைக்காத ஊர் தன் கடற்கரையில் கிடைத்ததையே இறைவனுக்கு அணியாக்கிய வேலை அது. நாட்டின் தேசியப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இவ்வாலயம் இடம்பெற்றது. 2013 புயலில் கூரை முழுவதும் பறந்து, முகப்பும் இடிந்து விழுந்தது. நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு, விழுந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து அதை மீட்டெடுக்கும் பணி பல ஆண்டுகள் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் கிவானின் பங்கு என்ன?

அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸுக்குத் திரும்பியபோது முதல் காலடி பட்ட மண் லெய்ட்டே கடற்கரை என்றே பலரும் நினைக்கிறார்கள். லெய்ட்டே தரையிறக்கம் நடந்தது 1944 அக்டோபர் 20 அன்று. அதற்கு மூன்று நாள் முன்பே, அக்டோபர் 17 அன்று, வளைகுடாவின் வாயிலைக் காக்கும் சுலுவான் தீவில் ‘ரேஞ்சர்’ எனப்படும் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவு ஒன்று இறங்கியது. மறுநாள் ஹோமோன்ஹோனிலும் இறங்கியது. வளைகுடாவுக்குள் நுழையும் எந்தக் கப்பலும் இத்தீவுகளின் பார்வையைத் தாண்டித்தான் செல்ல வேண்டும் என்பதே காரணம். மகெல்லன் வந்த அதே வாயில்தான் அது.

அதன்பின் சில மாதங்களில் ஊரின் தோற்றமே மாறிப்போனது. கடற்படைக் கட்டுமானப் படையினர் தென்னந்தோப்புகளை வெட்டி வானூர்தி நிலையம் அமைத்தார்கள். மனிக்கானியில் கப்பல் பழுதுபார்க்கும் தளமும், கலிக்கோவானில் பண்டகக் கிடங்குகளும், துபாபாவில் வீரர்களை வரவேற்றுத் தங்கவைக்கும் முகாமும் எழுந்தன. கலிக்கோவானில் இன்று அலைச்சறுக்கு வீரர்கள் கூடும் ‘ஏபிசிடி’ கடற்கரையின் பெயர், அங்கிருந்த கடற்படைக் கட்டுமானக் கிடங்கின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். போர் முடிந்ததும் படைகள் போய்விட்டன. ஓடுபாதை மட்டும் நின்றது. எழுபது ஆண்டுகள் கழித்து அது ஊரைக் காப்பாற்றப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

துபாபாவ் தீவில் ரஷ்யர்கள் வாழ்ந்தது உண்மையா?

உண்மைதான். 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஷாங்காயில் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவந்த ‘வெள்ளை ரஷ்யர்கள்’, 1949இல் சீனக் கம்யூனிஸ்டுப் படைகள் நகரை நெருங்கியபோது மீண்டும் அகதிகளாயினர். பன்னாட்டு அகதிகள் அமைப்பு பல நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தது. குடியரசாகி மூன்று ஆண்டுகூட நிறையாத, போரால் சிதைந்து கிடந்த பிலிப்பைன்ஸ் அப்போது கதவைத் திறந்தது. குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோவின் அரசு ஒதுக்கிக் கொடுத்த இடம், அமெரிக்கர் கைவிட்டுச் சென்ற துபாபாவ் முகாம்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களில் குடியேறினார்கள். நான்கு மாதத்துக்கென்று தரப்பட்ட அனுமதி இரண்டாண்டுக்கு மேல் நீண்டது. முகாமை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு பள்ளி, மருத்துவமனை, தேவாலயங்கள், இசைநிகழ்ச்சிகள் என்று ஒரு சிறு நகரத்தையே நடத்தினார்கள். அவர்களுடைய பேராயர் ஜான் மக்சிமோவிச் வாஷிங்டன் வரை சென்று வாதாடிக் குடியேற்ற அனுமதிக்கு வழிவகுத்தார். 1994இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஒவ்வோர் இரவும் பேராயர் நாற்றிசைகளிலும் நடந்து ஆசி வழங்கியதால்தான் அவர்கள் இருந்தவரை புயல் தீவைத் தொடவில்லை என்ற நம்பிக்கை அகதிகளின் வழித்தோன்றல்களிடம் இன்றும் இருக்கிறது. மக்கள் ஏறத்தாழ முழுவதுமாகக் கிளம்பிய பிறகு, 1951 டிசம்பரில், ஒரு கடும்புயல் முகாமைத் துடைத்தெடுத்தது.

ஹையான் புயலின்போது கிவானில் என்ன நடந்தது?

பிலிப்பைன்ஸில் ‘யோலாந்தா’ என்று அழைக்கப்படும் ஹையான், 2013 நவம்பர் 8 அதிகாலை 4:40 மணிக்குக் கிவானில் கரையைக் கடந்தது. ஜப்பானிய வானிலை அமைப்பின் கணிப்பில் பத்து நிமிடச் சராசரிக் காற்று மணிக்கு 230 கிலோமீட்டர். அமெரிக்க மையத்தின் ஒரு நிமிடக் கணிப்பில் 315 கிலோமீட்டர். கரையைத் தாக்கிய புயல்களில் மிக வலிமையானவற்றுள் ஒன்று அது. ஊரில் கூரையுடன் எஞ்சிய கட்டடங்களைக் காண்பதே அரிதாயிற்று. புயலைக் கண்காணிப்பதற்காகவே ஜப்பானின் உதவியுடன் அங்கே புதிதாக அமைக்கப்பட்டிருந்த ரேடாரும் சிதைந்தது.

நாடு முழுவதும் அதிகாரப்பூர்வ கணக்கின்படி 6,300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் லெய்ட்டேயின் தக்லோபனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மாண்டவர்கள். காற்று முழுவேகத்துடன் முதலில் மோதிய கிவானில் உயிரிழப்பு அதைவிட மிகக் குறைவு. ஏன் என்பது கவனித்து அறியவேண்டிய புவியியல். கிவானின் கிழக்கே கடல் விரைந்து ஆழமாவதால், காற்று தள்ளும் நீர் குவிந்து உயர இடமில்லை. தக்லோபனோ, லெய்ட்டே வளைகுடாவின் உள்முனையில், ஆழங்குறைந்த, புனல்போலக் குறுகும் விரிகுடாவின் கரையில் இருக்கிறது. அங்கே கடல்நீர் பல மீட்டர் உயரத்துக்குப் பொங்கி ஊருக்குள் புகுந்தது. கிவானுக்கு வடக்கே அதே பசிபிக் கரையில் உள்ள எர்நானியில் மற்றொரு விந்தை நடந்தது. பவளத்திட்டின்மேல் பேரலைகளின் கூட்டம் ஒன்றுசேர்ந்து, ஆழிப்பேரலை போன்ற ஒரு நீர்ச்சுவராக வீடுகளை அடித்துச் சென்றது. கரையை ஒட்டிய பவளத்திட்டு எப்போதும் அரணாகவே இருக்கும் என்ற எண்ணத்தை அந்த ஒரு காட்சி மாற்றியது.

வானிலை அறிவிப்பில் ‘ஸ்டார்ம் சர்ஜ்’, அதாவது புயல் தள்ளிவரும் கடல்நீர்ப் பெருக்கு, என்று எச்சரிக்கப்பட்டது. அச்சொல் பெரும்பாலான மக்களுக்குப் புரியவில்லை. ‘சுனாமி’ என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தக்லோபனில் உயிர்பிழைத்த பலர் பின்னர் கூறினார்கள். மக்கள் மொழியில் சொல்லப்படாத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியாது.

புயலுக்குப் பின் சாலைகள் அடைபட்டுக் கிடக்க, 1944–45இல் கட்டப்பட்ட அந்த இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதையில்தான் நிவாரணப் பொருள்களுடன் பெரிய சரக்கு விமானங்கள் வந்திறங்கின.

ஊரின் பொருளாதாரம் எதை நம்பி இருக்கிறது?

தென்னையையும் கடலையும். இரண்டில் தென்னையை முதலில் சொல்ல வேண்டும்.

முற்றிய தேங்காயை உடைத்து, வெயிலிலோ புகைச்சூளையிலோ உலர்த்தி, எண்ணெய் ஆலைகளுக்கு வாங்கும் வணிகரிடம் விற்பதே பெரும்பாலான நிலமுள்ள குடும்பங்களின் வருமானம். உலர்ந்த பருப்பை அவர்கள் ‘கோப்ரா’ என்கிறார்கள். நம் கொப்பரையேதான் அது. மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்டு எடுத்துக்கொண்ட சொல் உலகம் சுற்றிச் சமாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. விலையை உலகச் சந்தை முடிவு செய்வதால், விவசாயியின் கையில் அது இல்லை. நிலம் ஒருவருடையதும் உழைப்பு மற்றொருவருடையதுமாக இருக்கும் தோப்புகளில் விற்ற பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையும் நிலவுகிறது.

கள்ளிறக்குவது மற்றொரு தொழில். ‘துபா’ எனப்படும் தென்னங்கள்ளில் இப்பகுதி மக்கள் ‘பரோக்’ என்ற மரப்பட்டைத் தூளைச் சேர்ப்பதால் அது செந்நிறமாக இருக்கும். மாதக்கணக்கில் வைத்துப் பழக்கியதைப் ‘பஹாலினா’ என்பார்கள். சுலுவான் மக்கள் 1521இல் மகெல்லனுக்குக் கொடுத்த சாடியிலிருந்ததும் தென்னையின் கள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு மரம் ஓர் ஊரை எத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது என்பது விளங்கும். இரண்டு தென்னை இருந்தால் பத்துப்பேர் கொண்ட குடும்பம் பிழைத்துவிடும் என்று பிகஃபெத்தா எழுதியதும் இந்த மக்களிடம் கேட்டறிந்தபின் எழுதியதே.

ஹையான் அந்த மரத்தைத்தான் வீழ்த்தியது. புயற்பாதையில் சுமார் 3.3 கோடி தென்னைகள் சேதமடைந்ததாகக் கணக்கிடப்பட்டது. வீடு இடிந்தால் சில மாதத்தில் கட்டலாம். படகு உடைந்தால் சில வாரத்தில் செய்யலாம். நட்ட கன்று காய்க்க ஆறேழு ஆண்டாகும். விழுந்த மரங்களை அறுத்துப் பலகையாக்கி வீடுகளைக் கட்டினார்கள். நடுவிலிருந்த இடத்தில் காய்கறியும் கிழங்கும் பயிரிட்டார்கள். உதவி அமைப்புகள் வந்து போன பிறகும் நீடித்த வருமான இழப்பு அது.

மீன்பிடித் தொழில் எப்படி நடக்கிறது?

இருபுறமும் மூங்கில் மிதவை கட்டிய ‘பாங்கா’ படகுகளில், தூண்டிலும் சிறு வலையும் கொண்டு, பெரும்பாலும் ஓரிரவுத் தொழிலாகவே நடக்கிறது. களவா, சூரை, சிங்கி இறால், களிநண்டு, கடல் அட்டை ஆகியவை விலைபோகும் பொருள்கள். 1998ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையுள்ள நீரை நகராட்சியின் பொறுப்பில் விட்டு, அங்கே சிறுமீனவர்களுக்கு முன்னுரிமை அளிக்கிறது. பெரிய விசைக்கப்பல்கள் அந்த எல்லைக்குள் நுழையலாமா என்பது நாடு முழுவதும் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. சிறிய படகுக்காரனுக்கு அந்த 15 கிலோமீட்டர்தான் வயல்.

கிவானின் கடலும் தீவுகளும் சேர்ந்த சுமார் 60,000 ஹெக்டேர் பரப்பு 1994இல் பாதுகாக்கப்பட்ட நிலத்தோற்ற, கடற்தோற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பவளத்திட்டு, கடற்புல், அலையாத்திக் காடு மூன்றும் அடுத்தடுத்து இருப்பதே அதன் வளம். வெடிவைத்துப் பிடிப்பதும் சயனைடு கலப்பதும், சமாரையும் உள்ளடக்கிய நடுப் பிலிப்பைன்ஸ் தீவுக்கூட்டமான விசயாஸின் கடல் முழுவதையும் வாட்டிய தீமைகள். தடை இருந்தும், இத்தனை பரந்த நீரைச் சில படகுகளால் காவல் காப்பது எளிதன்று.

கிவானின் கிளிஞ்சல்கள் புகழ்பெற்றவை என்பது சரியா?

சரி. ஆழமான பவளச் சரிவுகள் கரைக்கு அருகிலேயே இருப்பதால் அரிய சங்கு, சோழி வகைகள் இங்கே கிடைக்கின்றன. செம்பொன் நிறத்தில் ஒளிரும் தங்கச் சோழி, சேகரிப்பவர்கள் உலகெங்கும் தேடும் பொருள். கிளிஞ்சல் வேலைப்பாடுகள் பல வீடுகளுக்குத் துணை வருமானம். வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இராட்சதச் சிப்பி உள்ளிட்ட சில இனங்களை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

சுரங்கத் தொழிலைப் பற்றி ஊரில் ஏன் கருத்துவேறுபாடு?

நிக்கலும் குரோமைட்டும் செம்மண்ணின் மேலடுக்கிலேயே இருப்பதால், அவற்றை எடுப்பது என்றால் மலையின் தோலை உரிப்பது என்று பொருள். மரமும் மேல்மண்ணும் போன சரிவில் மழை பெய்தால் சேறு நேராகப் பவளத்திட்டின்மேல் இறங்கும். மனிக்கானியில் பல ஆண்டுகள் மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஹோமோன்ஹோனில் தோண்டுதல் தொடர்ந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை வெளிப்படையாக எதிர்ப்பாளர் பக்கம் நிற்கிறது. மறுபுறம், கொப்பரை விலை வீழ்ந்த காலத்தில் தீவிலேயே கிடைக்கும் கூலிவேலையைக் கைவிட முடியாத குடும்பங்களும் உண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தாது ஒருமுறை கப்பலேறினால் தீர்ந்துபோவது. ஹோமோன்ஹோனின் ஊற்றுகளையும் மீனையும் பணயம் வைத்து அதைப் பெறுவது சரியான கணக்கென்று என்னால் ஏற்க முடியவில்லை.

நகராட்சிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பெருமளவு மணிலாவிலிருந்து. 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி தேசிய வரியில் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. உச்சநீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பால் 2022 முதல் அந்தப் பங்கின் அடிப்படை விரிந்தது. நிலவரியும் சந்தைக் கட்டணமும் அதனோடு ஒப்பிடச் சிறிய தொகைகள். நகரத் தலைவர், துணைத் தலைவர், மன்ற உறுப்பினர்கள் ஆகியோர் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கிவான் கிழக்குச் சமார் மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரே மாகாணமாக இருந்த சமார், 1965இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இம்மாகாணம் பிறந்தது. தலைநகர் போரோங்கன்.

எப்போது, எப்படிச் செல்லலாம்?

மணிலாவிலிருந்து விமானத்தில் தக்லோபன் வந்து, அங்கிருந்து சான் குவானிகோ பாலத்தைக் கடந்து, வேனில் மூன்று நான்கு மணி நேரம் பயணம் செய்யலாம். ஏப்ரல், மே மாதங்களில் கடல் அமைதியாக இருப்பதால் ஹோமோன்ஹோனுக்கும் சுலுவானுக்கும் படகில் செல்ல அவையே ஏற்றவை. சூன் 13 அன்று கிவானின் பராங்கைகளுள் ஒன்றான சுலாங்கனில் பதுவைப் புனித அந்தோனியாரின் திருவிழாவுக்கு விசயாஸின் பல பகுதிகளிலிருந்து மக்கள் திரள்வார்கள். ஊர்த் திருவிழா டிசம்பர் 8. மழை வலுத்திருக்கும் காலம் என்பதால் குடையும், ஒருநாள் கூடுதலாகத் தங்கும் பொறுமையும் தேவை. தீவுக்குச் செல்வோர் கடலோரக் காவல்படை அனுமதித்த நாளில் மட்டுமே படகேற வேண்டும். படகோட்டி இன்று வேண்டாம் என்றால் அவரை வற்புறுத்தக் கூடாது. வானம் தெளிந்திருக்கும்போதே கிழக்கிலிருந்து வரும் அலையின் நீளத்தைப் பார்த்து, தொலைவிலுள்ள புயலை அவர் அறிந்திருப்பார்.